சிரிச்ச படம் ஒண்ணு

சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த போட்டோ ஸ்டுடியோ. இருபது வருஷமாக அந்த வட்டாரத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் அங்கிருந்துதான் கேமரா வரும். ஸ்டுடியோக்காரரை ஊரில் எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

2019 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து ஆல்பம் வேலை மலைபோலக் குவிந்திருந்தது. அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பம் டிசைன் செய்யும் சாஃப்ட்வேரின் இலவசக் காலம் முடிந்துவிட்டது என்று ஸ்க்ரீனில் ஒரு பெட்டி வந்து நின்றது. காசு கொடுத்து வாங்கினால் இரண்டு கல்யாண ஆர்டரின் லாபம் அதற்கே போய்விடும். ‘கிராக்’ கிடைக்குமா என்று தேடினார். ஒரு வீடியோ கிடைத்தது. அதற்குக் கீழே லிங்க். டவுன்லோடு செய்தவுடன் ஆன்டிவைரஸ் சிவப்பாக எச்சரித்தது. வீடியோவில் பேசியவர் அதற்கும் வழி சொல்லியிருந்தார்: “முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிடுங்கள். இது சும்மா பயமுறுத்தும்.”

ஆஃப் செய்தார். இரண்டு முறை கிளிக் செய்தார். விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று ஒரு திரை வந்தது. ‘நல்ல நேரம் பார்த்துத்தான் அப்டேட் வருது’ என்று முனகிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தபோது படங்களின் சின்னங்களெல்லாம் வெள்ளைக் காகிதமாக மாறியிருந்தன. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலைந்து எழுத்து வால் முளைத்திருந்தது. எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்னக் கடிதம் கிடந்தது. உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன, சாவிக்கு விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர் என்று அதில் இருந்தது. அன்றைய கணக்கில் பாதி விலையே முப்பத்து நான்காயிரம் ரூபாய்க்குப் பக்கம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி இருந்தது. ஆனால் அந்த டிஸ்க் வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே சொருகிக் கிடக்கும். அதிலும் அதே வெள்ளைக் காகிதங்கள், அதே கடிதம்.

முதலில் அவருக்கு நினைவு வந்தது ஒரே ஒரு கல்யாணம்தான்.

பக்கத்து ஊரில் மே கடைசியில் நடந்தது அது. பெண்ணைப் பெற்றவர், கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அண்ணாச்சியும் நேரில் போய்த் துட்டி கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தக் கல்யாணப் படங்கள் இன்னும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. குடும்பத்தோடு வந்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இப்படி. கேமராவின் மெமரி கார்டு அதன்பிறகு இரண்டு விசேஷங்களைப் பார்த்துவிட்டது. பழைய படங்கள்மேல் புதுப்படங்கள் ஏறிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்தது கடையில் வேலை பார்க்கும் பையன். “என்னாச்சு அண்ணாச்சி?” என்றான். அவன் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொண்டு போகிறவன். பழியை அவன்மேல் போட்டிருந்தால் ஊர் நம்பியிருக்கும். ஒரு நிமிஷம் அந்த எண்ணம் வந்ததை அண்ணாச்சி பிற்பாடு தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். பையனிடம், “நான்தாம்ப்பா கெடுத்துக்கிட்டேன்” என்றார்.

அடுத்து வந்தவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவர். பார்த்தவுடன், “ஒண்ணும் பண்ண முடியாது அண்ணாச்சி. ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தந்துர்றேன், ஐந்நூறு ரூவா” என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. கம்ப்யூட்டர் ஓடணும், அவ்வளவுதான் அவர் வேலை. அண்ணாச்சியும் சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

தடுத்தது மகள். கோவில்பட்டியில் பி.சி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. “அப்பா, அதைத் தொடாதீங்க. முதல்ல நெட் வயரை உருவுங்க. அந்த டிஸ்க்கை அப்படியே கழட்டி வைங்க. புதுசு ஒண்ணு போட்டுக்கலாம்.”

“பூட்டின டிஸ்க்கை வச்சு என்னம்மா பண்ண?”

“இன்னைக்கு சாவி இல்ல. நாளைக்கு வரலாம். ஃபார்மேட் அடிச்சா, சாவி வந்தாலும் பூட்டு இருக்காதுல்லப்பா?”

அவள் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பரிகாரம் தேடிப் பார்த்தாள். மற்ற பக்கங்கள் திறந்தன. வைரஸ் ஒழிப்பு நிறுவனங்களின் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை. அதையும் அந்த வைரஸ் அடைத்து வைத்திருந்தது. தன் போனில் தேடிப் பார்த்தபிறகுதான் பெயர் தெரிந்தது. ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவியூ’ என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் குறிவைப்பது அது. அது பரவுவதே பெரும்பாலும் கிராக் வழியாகத்தான். அண்ணாச்சி பார்த்த அந்த விண்டோஸ் அப்டேட் திரையும் போலி. உள்ளே பூட்டு வேலை நடப்பதை மறைக்கும் திரைச்சீலை.

இன்னொரு விஷயத்தையும் அவள் படித்தாள். இந்த வைரஸ் பல நேரம் கூடவே ஒரு உளவாளியையும் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போவது அதன் வேலை. அண்ணாச்சியின் மெயில், ஃபேஸ்புக், பேங்க் எல்லாம் அந்த பிரவுசரில்தான் இருந்தன. மகள் அன்று மத்தியானமே அம்மாவின் போனை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினாள். மெயிலுக்கு ஓ.டி.பி. வந்தால்தான் திறக்கும்படி செய்தாள். மூன்றாம் நாள், யாரோ பழைய பாஸ்வேர்டை வைத்து மெயிலுக்குள் நுழையப் பார்த்ததாக எச்சரிக்கை வந்தது. ஃபைல் போன துக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

திங்கட்கிழமை காலை, இறந்தவரின் மகன் வந்தான். பதினாறாம் நாளுக்கு அப்பா படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரவேண்டும் என்று கேட்டான்.

ஆல்பம் இன்னும் ரெடியாகவில்லை, பத்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி உட்காரவைத்து உள்ளதைச் சொன்னார். கிராக் போட்டது வரைக்கும் சொன்னார்.

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “காசு வாங்கினீங்கள்ல அண்ணாச்சி? ஒரு காப்பி எடுத்து வைக்கக்கூடாதா?” என்றான். பதில் சொல்ல எதுவும் இல்லை. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அவன் எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு போனான். உறவுக்காரர் ஒருவர் போனில் எடுத்த, கொஞ்சம் கலங்கலான படத்துக்குத்தான் பதினாறாம் நாள் மாலை போட்டார்கள்.

அண்ணாச்சியும் போயிருந்தார். கடைசியாகக் கிளம்பும்போது அந்த வீட்டு அக்கா வாசல் வரை வந்தார். “தம்பி, அவரு போட்டோன்னா வாயை மூடிக்குவாரு. முன்பல்லு ஒண்ணு இல்லல்லா, அதான். அன்னைக்கு மாப்ள வீட்டுல யாரோ என்னமோ சொல்லி, வாய்விட்டுச் சிரிச்சாரு. நீங்க அப்ப முன்னாலதான் நின்னீங்க. அந்தச் சிரிச்ச படம் ஒண்ணு அதுல இருக்கும். எப்ப கிடைச்சாலும் சரி, அத மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி.”

அன்றைக்கு ராத்திரியே அந்த டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி, கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

பணம் கட்டிவிடலாமா என்று அவர் யோசிக்காமல் இல்லை. ஆனால் சாவி வரும் என்பதற்கு எதிரி தரும் வாக்கைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. ‘நாங்கள் திறந்து தருகிறோம்’ என்று இணையத்தில் விளம்பரம் செய்த சிலரையும் மகள் விசாரித்தாள். நம்மிடம் கூடுதலாக வாங்கி, அதில் ஒரு பங்கைத் திருடனுக்கே கட்டுகிற தரகர்களும் இந்தத் தொழிலில் உண்டு என்று தெரிந்து விட்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த வழக்கம் புதிதல்ல. 1989 டிசம்பரில் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 ஃபிளாப்பிகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. போட்டுப் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர் கொஞ்ச நாளில் முடங்கியது. 189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு அனுப்பச் சொல்லி ஒரு செய்தி வந்தது. அன்றும் யாரும் பூட்டை உடைத்து உள்ளே வரவில்லை. தபாலில் வந்ததை அவரவரே எடுத்துச் சொருகிக்கொண்டார்கள். முப்பது வருஷம் கழித்து, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு அண்ணாச்சி கிளிக் செய்ததும் அதே கதைதான்.

அக்டோபர் மாதம். தீபாவளிக்குச் சில நாள் முன்பு மகள் போன் செய்தாள். “அப்பா, அந்த டிஸ்க் இருக்குல்ல?”

எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனமும் மைக்கேல் கில்லெஸ்பி என்ற ஆய்வாளரும் சேர்ந்து, அந்த ரான்சம்வேரின் 148 வகைகளைத் திறக்கும் கருவியை இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். அண்ணாச்சியின் ஃபைல்களில் முளைத்திருந்த வால் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. பூட்டிய படம் ஒன்று வேண்டும். பூட்டுவதற்கு முன்னால் இருந்த அதே படத்தின் அசலும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூட்டு எப்படி விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அந்த வைரஸ் அவசரக்காரத் திருடன். ஒரு ஃபைல் முழுவதையும் பூட்ட நேரம் எடுக்காமல், முன்பகுதியில் ஏறத்தாழ 150 கிலோபைட்டை மட்டும் குழப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால் ஒப்பிடும் படமும் அந்த அளவுக்குமேல் இருக்கவேண்டும். ஒரு ஜோடி கிடைத்தால், அதே கேமராவில் எடுத்த மற்ற படங்களும் திறக்கும். வேறு கேமரா என்றால் அதற்குத் தனியாக ஒரு ஜோடி.

அசலுக்கு எங்கே போவது? தன் வாட்ஸ்அப்பைத் திறந்து, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய படங்களை எடுத்தார் அண்ணாச்சி. “அது ஆகாதுப்பா” என்றாள் மகள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். பார்வைக்கு அதே படம், ஃபைல் வேறு.

பழைய ஆர்டர் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார்கள். சிலர் பென்டிரைவைத் தொலைத்திருந்தார்கள். சிலர் அதை அழித்துப் பாட்டு ஏற்றியிருந்தார்கள். பதினோராவது போன், அடுத்த தெரு டீச்சருக்கு. மார்ச் மாதம் மகளுக்குச் சடங்கு வைத்தபோது, ஆல்பத்துக்குக் காத்திருக்க முடியாது என்று எடுத்த படங்களை அப்படியே பென்டிரைவில் கேட்டு வாங்கியவர். “நகைப்பெட்டியோட பீரோவுல இருக்கு அண்ணாச்சி. வாங்க, தர்றேன்” என்றார்.

அன்றைக்கு ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வைரஸ் மிச்சம் இருந்தால் திறந்ததை மறுபடியும் பூட்டிவிடும் என்பதால், சுத்தமான கம்ப்யூட்டரில்தான் பழைய டிஸ்க்கை மாட்டினாள் மகள். பூட்டியவை எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டாள். டீச்சர் வீட்டுப் பெண் தாவணியில் நிற்கும் படம், அதன் பூட்டிய வடிவம் இரண்டையும் ஏற்றினாள். பொருந்தியது. கருவியை ஓடவிட்டாள். வெள்ளைக் காகிதங்களாகக் கிடந்த இடத்தில் ஒவ்வொன்றாக முகங்கள் வர ஆரம்பித்தன.

நடுராத்திரி தாண்டி வந்தது அந்தக் கல்யாணம். தோளில் துண்டு, தலையை அண்ணாந்து, முன்பல் இல்லாத வாயை முழுக்கத் திறந்து சிரிக்கிற ஒரு மனிதர்.

எல்லாம் வந்துவிடவில்லை. பையன் எடுத்த இரண்டாவது கேமரா வேறு கம்பெனி. அதற்கு ஒரு அசல்கூட எங்கும் கிடைக்கவில்லை. பந்தியில் எடுத்தவை, குழந்தைகள் ஓடி விளையாடியவை எல்லாம் இன்னும் வெள்ளைக் காகிதங்களாகவே அந்த டிஸ்க்கில் கிடக்கின்றன. டிஸ்க் கல்லாப்பெட்டிக்குக் கீழேதான் இருக்கிறது.

கிடைத்ததும் பாதி அதிர்ஷ்டம். அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கும்பல் பூட்டும் முறையை மாற்றிவிட்டது. அதற்குப்பின் அகப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஜோடி வித்தை பலிக்காது. இரண்டு மாதம் தள்ளி அந்தக் கிராக்கைப் போட்டிருந்தால், அந்தச் சிரிப்பும் அத்தோடு போயிருக்கும்.

இன்று அந்தக் கடையின் நடைமுறையே வேறு. விசேஷம் முடிந்து வந்த ராத்திரியே படங்கள் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏறும். காப்பி முடிந்ததும் இரண்டையும் கழற்றிவிடுவார்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டு பீரோவில். அதற்கு முன்னால் மெமரி கார்டை அழிக்கக்கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் டிஸ்க்கை அவர் இப்போது காப்பி என்று எண்ணுவதில்லை. வீட்டுக்குத் திருடன் வந்தால், பூட்டுப் பக்கத்திலேயே தொங்கும் மாற்றுச்சாவியால் என்ன பயன் என்பார்.

கிராக் அடியோடு கிடையாது. ஒரு சாஃப்ட்வேரை மாதச் சந்தாவில் வைத்திருக்கிறார். சின்ன வேலைகளுக்கு இலவசமாகவே கிடைக்கும் ஜிம்ப் போதுமாக இருக்கிறது. ஆன்டிவைரஸுக்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை. விண்டோஸோடு வருவதை அணைக்காமல், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் வைத்திருக்கிறார். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்றதும், பழைய மெஷினை நெட்டிலிருந்து பிரித்துவிட்டார்.

தினசரி வேலைக்குக் கம்ப்யூட்டரில் அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு. பெரும்பாலான சாஃப்ட்வேர்களை இன்ஸ்டால் செய்யவேண்டும் என்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். ‘இது தேவைதானா’ என்று யோசிக்க அந்த ஒரு நொடி கிடைக்கிறது. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் தெரியும்படி மகள் வைத்துக் கொடுத்திருக்கிறாள். போட்டோ என்று வந்தது ‘ஈஎக்ஸ்ஈ’ என்று முடிந்தால் அது போட்டோ இல்லை என்பது இப்போது வேலைப் பையனுக்கும் தெரியும். யார் பென்டிரைவ் கொண்டுவந்தாலும் ஸ்கேன் செய்யாமல் திறப்பதில்லை. பாஸ்வேர்டுகள் பிரவுசரில் இல்லை.

யாராவது வந்து ‘அண்ணாச்சி, எனக்கும் அப்படி ஆயிருச்சு’ என்றால், அவர் சொல்வது வரிசையாக நாலு விஷயம். நெட்டை உருவுங்க. ஃபார்மேட் அடிக்காதீங்க. வேற போன்ல இருந்து பாஸ்வேர்டெல்லாம் மாத்துங்க. பூட்டின ஃபைலைப் பத்திரமா வைங்க. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் ஆரம்பித்த ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசத் திறப்புக் கருவிகள் இருப்பதையும் சொல்வார். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அடிக்கச் சொல்வார்.

2019 தீபாவளிக்கு முந்தின நாள், அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, அண்ணாச்சியே எடுத்துக்கொண்டு போனார். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன அந்தப் பையன்தான் கதவைத் திறந்தான். ஒன்றும் பேசாமல் சட்டத்தை வாங்கி அம்மாவிடம் கொடுத்தான்.

அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“இத மாட்டினா அவருக்குப் பிடிக்காது தம்பி. பல்லு தெரியுதுல்லா” என்றார்.

ஆனாலும் அந்தக் கலங்கலான படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் இதைத்தான் மாட்டச் சொன்னார்.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எடுத்த படங்களை மறுநாளே ஒரு பென்டிரைவில் போட்டு அந்த வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார் அண்ணாச்சி. ஆல்பம் எப்போது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால், “அக்கா, இதுல பாட்டு கீட்டு ஏத்திராதீங்க. நகைப்பெட்டியோட பீரோவுல வைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.